மாமன் சீராக வந்த தொட்டி

தம்பி, வேன் சாவியைத் தேடாதே. ஆணியில் இல்லை, டிவி மேலேயும் இல்லை. எங்கே இருக்கிறது என்று இந்தக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறேன். கதைப் புத்தகத்தைக் கூடக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிற பிள்ளை நீ என்பது எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவையாவது முதலிலிருந்து படி. நீ ஜெயங்கொண்டத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பிய பஸ் இன்னும் குன்னத்தைக்கூடத் தாண்டியிருக்காது. அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். நேரில் சொல்லிப் பார்த்தாயிற்று. நான் ஏதாவது சொன்னால் நீ “சரிம்மா” என்று ஒரு தடவை சொன்னால் கேட்டுக்கொண்டாய் என்று பொருள். “சரிம்மா, சரிம்மா” என்று இரண்டு தடவை சொன்னால் வாயை மூடு என்று பொருள். இந்த ஒரு மாதமாக உன் வாயிலிருந்து ஒற்றைச் சரி ஒன்றுகூட வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்து இரண்டு சரி சொல்ல முடியாது.

வெளிநாட்டில் ஆறு வருஷம் கண்ணாடிக் கட்டடங்களில் தொங்கித் தொங்கி வேலை பார்த்துவிட்டு வந்து, “இனிமே நம்மூர்லயே இந்தத் தொழிலச் செய்யப் போறேன்” என்று நீ சொன்னபோது ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்பதை நீ மறக்கக் கூடாது. பெரம்பலூர் நாலு ரோட்டில் நின்று பார்த்தாலே புதிய ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, நகைக்கடை என்று முகம் முழுக்கக் கண்ணாடி வைத்த கட்டடங்கள். அரியலூர்ப் பக்கம் போனால் அந்தக் கண்ணாடிமேல் சிமெண்டுத் தூசி. ஈரத்துணியால் துடைத்தால் தூசி குழைந்து, காய்ந்து, மெழுகினதுபோல் பிடித்துக்கொள்ளும். அதைச் சுரண்டினால் கண்ணாடியில் கீறல். நீளக் கம்பின் நுனியில் பிரஷ், பிரஷ்ஷுக்குள்ளேயே தண்ணீர் வரும் குழாய், உப்பே இல்லாத ஆர்.ஓ. தண்ணீர். அதைப் பீய்ச்சிக் கழுவிவிட்டால் துடைக்கவே வேண்டாம், தானாகக் காய்ந்து பளிச்சென்று நிற்கும் என்று நீ விளக்கினாய். நீ சொன்னதை நான் அப்படியே நம்பவில்லை. இரண்டு எவர்சில்வர் தட்டு எடுத்து, ஒன்றில் நம் போர் தண்ணீரும் இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீரும் ஒரு கரண்டி ஊற்றி, மாடியில் வெயிலில் வைத்தேன். போர் தண்ணீர் காய்ந்த தட்டில் வெள்ளையாக ஒரு வட்டம். மற்றதில் ஒன்றுமே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூடத்துக்குள் முதல் ஆளாக ஓடுகிற பெண்ணாக இருந்தவள் நான். இத்தனை வருஷம் கழித்து ஒரு சோதனை செய்து பார்த்த சந்தோஷத்தில் அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அப்படி நம்பியவள்தான் இப்போது சாவியை ஒளித்து வைத்திருக்கிறேன் என்றால், காரணம் இருக்கும் என்று யோசி.

உன் தொழிலில் எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் அந்தத் தொட்டியில்தான். நீ வாங்கி வந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த பழைய வேன். உள்ளே இன்னும் ‘கையை வெளியே நீட்டாதே’ என்ற ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறது. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுத் தண்ணீர்த் தொட்டி வைக்க வேண்டும் என்றாய். “அந்த ஊர்ல வண்டிக்குள்ள தொட்டிய எப்படிப்பா பொருத்தியிருந்தாங்க?” என்று கேட்டேன். “அது கம்பெனி வண்டிம்மா. நான் பைப்பைத் தொறப்பேன், வேலை முடிஞ்சா மூடுவேன்” என்றாய். ஆறு வருஷம்! தினமும் ஏறி இறங்கிய வண்டியில், உன் முதுகுக்குப் பின்னாலேயே இருந்த தொட்டியை எது பிடித்துக்கொண்டிருந்தது என்று ஒரு நாள்கூடக் குனிந்து பார்க்கவில்லை. நீ படித்ததும் மெக்கானிக்கல் டிப்ளமோ. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குத் தோசைக்கல்லைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன்.

சரி, இனியாவது விசாரித்துச் செய்வாய் என்று இருந்தேன். அதற்குள் என் தம்பி காரியத்தைக் கெடுத்தான். லோடு ஆட்டோவில் கறுப்பாக, வட்டமாக, ஆள் மார்பு உயரத்துக்கு ஐந்நூறு லிட்டர் தொட்டி ஒன்று வந்து இறங்கியது. மாடியில் வைக்கிற தொட்டி. அதற்கு மஞ்சள் பூசி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, கழுத்தில், தொட்டிக்குக் கழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்காதே, மூடிக்குக் கீழே, சாமந்தி மாலை போட்டிருந்தது. உன் மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “மாப்ள, எல்லா மாமனும் மோதிரம் போடுவான், வாட்ச் கட்டுவான். ஓம் மாமன் ஓம் பொழப்புக்கே சீர் கொண்டாந்திருக்கேன் பாரு” என்றான். அவன் மனைவி, உன் அத்தை, தட்டில் வெற்றிலை பாக்கோடு நின்றாள். நான் மெதுவாக, “ஏன்டா, வண்டிக்குன்னா படுத்தமாரி, மட்டமா இருக்கணும்டா. இது நெட்டையா நிக்குதே. சட்டம் போட்டு, ஓட்ட போட்டு முடுக்குனாத்தான் நிக்கும்” என்றேன். உன் அத்தை பதறிப்போனாள். “சீர்ச் சாமான்ல ஓட்ட போடுறதா? என்ன அண்ணி பேசுறீங்க? கல்யாணம் வச்சிருக்குற வூட்ல வாயில நல்ல வார்த்த வரட்டும்.” அவ்வளவுதான். அதோடு எல்லார் வாயும் அடைத்தது, என் வாயும் சேர்த்து. உன் அப்பா நடக்க முடியாமல் கிடந்தபோது திருமானூரிலிருந்து நம்மை மூட்டையோடு பெரம்பலூருக்குக் கூட்டிவந்து வைத்துப் பார்த்தவன் அவன். அவன் மாலை போட்டுக் கொண்டுவந்ததை எப்படி வேண்டாம் என்று சொல்வது? அது என் பலவீனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ செய்தது பலவீனம் இல்லை, அசட்டுத்தனம். ஒரு நாள் வேலைக்கு முந்நூறு லிட்டர் போதும் என்று உன் வாயால் சொல்லியிருந்தாய். மாமா கொடுத்தது ஐந்நூறு என்பதால் ஐந்நூறை ஏற்றினாய்.

ஏற்றி என்ன செய்தாய்? தொட்டியில் ஓட்டை போடக் கூடாது, புதிதாக வாங்கிய வண்டியின் தரையில் கல்யாணம் முடியும்வரை ஓட்டை போட வேண்டாம் என்று சொல்லி, நைலான் கயிற்றைச் சுற்றி ஜன்னல் கம்பியில் கட்டினாய். நகராமல் இருக்க அடியில் சுற்றிலும் செங்கல் வைத்தாய். வீட்டில் அம்மிக்கு அண்டை கொடுக்கிறதுபோல! வெல்டிங் பட்டறைக்காரர் அந்தப் பக்கம் போனவர், நின்று பார்த்து, “தம்பி, இது மாடில உக்கார்ற தொட்டி. ஓடுற வண்டிக்கு ஆவாது” என்றார். “அட போங்கண்ணே, டிராக்டர்ல எத்தன பேரு இப்புடிக் கட்டிக்கிட்டுப் போறாங்க” என்றாய். அவர் உன்னை ஒரு பார்வை பார்த்தார். “டிராக்டர் போற வேகத்துல எங்க அம்மா நடந்தே போயிரும் தம்பி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வாசலில் நின்று சிரித்தேன். நீ முறைத்தாய். பிறகு சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினாய். எனக்கும் நம்பிக்கை உண்டு, தம்பி. ஆனால் எலுமிச்சம்பழம் செய்கிற வேலை வேறு, போல்ட்டு செய்கிற வேலை வேறு.

அதற்கு மறுநாள் காலையில் நீ வேனைத் திறந்ததும் கத்தினாய், நினைவிருக்கிறதா? “யாரு இது வண்டிக்குள்ள சாக்பீஸால கிறுக்குனது? பக்கத்து வூட்டுப் புள்ளைங்கள உள்ள விடாதீங்கன்னு சொல்லியிருக்கேன்ல?” தரையில் நாலு இடத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தது. நீ ஒரு கணமும் யோசிக்கவில்லை. கண்ணாடி கழுவுகிறவன் இல்லையா, தண்ணீரை ஊற்றி, பிரஷ்ஷைப் போட்டு ஒரே தேய். அழுக்கு என்று தெரிந்தால் அடுத்த நொடி அங்கே துடைத்தாயிற்று. உன் அப்பா அப்போது வாசல் திண்ணையில் காபித் தம்ளரோடு இருந்தார். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மக்காச்சோள மண்டிக்கு எடை போடக் கிளம்பிவிட்டார். அந்தக் குறிகளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

போன புதன்கிழமை அரியலூரில் முதல் வேலை என்றதும் நானும் வருகிறேன் என்று அடம்பிடித்து ஏறினேன். நீ வேலை செய்கிறதைப் பார்க்க ஆசை. தொட்டியில் பாதிதான் தண்ணீர் நிரப்பியிருந்தாய். “முழுசா ரொப்புனா வெயிட்டும்மா, பாதி போதும்” என்றாய். நான் திரும்பித் திரும்பித் தொட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவு வரும்போதெல்லாம் பின்னால் தண்ணீர் ‘தளக்’ என்று ஒரு பக்கம் ஏறி, மறுபடி ‘தளக்’ என்று இறங்கியது. வண்டி திரும்பி முடித்த பிறகும் தண்ணீர் திரும்பி முடிக்கவில்லை. நீ பாட்டைச் சத்தமாக வைத்தாய். பேரளி தாண்டி முன்னால் போன சுண்ணாம்புக்கல் லாரி ஒரு ஆட்டுக்காகச் சட்டென்று நின்றது. நீயும் பிரேக்கை மிதித்தாய், நன்றாகத்தான் மிதித்தாய். வண்டி நின்றது. நின்ற பிறகு பின்னாலிருந்து யாரோ கையால் தள்ளினதுபோல இன்னொரு முறை முன்னால் போய், லாரியின் பின்பலகைக்கும் நம் கண்ணாடிக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்போதுதான் நிஜமாக நின்றது. அதே நேரத்தில் ஒரு செங்கல் பறந்து வந்து என் சீட்டின் முதுகில் அடித்தது. கயிறு நெகிழ்ந்து தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூடி வழியாகக் கொட்டின தண்ணீர் என் செருப்பு வரைக்கும் வந்தது. நீ இறங்கி, பார்த்து, கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டாய். “ஒண்ணும் ஆவலம்மா. ஏம்மா மூஞ்சி இப்புடி வெளுத்துப் போச்சு? இனிமே பாதிகூட வேணாம், கால்வாசி ரொப்புனா போதும், சரியாப் போயிரும்” என்றாய்.

அன்று நீ கண்ணாடி கழுவியது எனக்கு நினைவே இல்லை. இரண்டாவது மாடி ஜன்னலில் தண்ணீர் வழிந்து வெயில் தெரிந்தது மட்டும் கொஞ்சம் நினைவிருக்கிறது. திரும்பி வரும்போது நான் பயந்துவிட்டேன் என்று நீ நினைத்து, வேப்பமரத்தடியில் நிறுத்தி நுங்கு வாங்கிக் கொடுத்தாய். செங்கல்லுக்கு நான் பயப்படவில்லை, தம்பி. ‘பாதி போதும்’ என்ற சொல்லுக்குப் பயந்தேன். அந்தச் சொல் உன் சொல் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அதைச் சொன்னது நான்.

அப்போது உனக்கு ஐந்து வயது. திருமானூரில் இருந்தோம். உன் அப்பா ஒருவருடைய மினி லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். அரியலூர் போகிற வழியில் ஒரு கிராமத்தில் கல்யாணம். அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது. சமையலுக்கும் பந்திக்கும் கொள்ளிடக்கரைப் போரிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். லாரியில் இரும்புத் தகட்டுத் தொட்டி ஒன்றை ஏற்றிக் கட்டி நம் வாசல் வழியாகத்தான் வந்தார். லாரிக்கு அப்போதே பின்பக்க ஸ்பிரிங் பட்டை தளர்ந்திருந்தது, பாரம் ஏற்றினால் ஒரு பக்கம் சாயும். நான் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். படிப்பு அதோடு நின்று கல்யாணம் ஆகிவிட்டாலும், அந்தப் பாடப்புத்தகத்தை நான் விடவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நிறை அதிகமானால் நிறுத்துவது கடினம் என்று அதில் இருக்கிறது. நிறை குறைந்தால் ஆபத்து குறையும் என்று நானாக முடிவு செய்தேன். “ஏங்க, முழுசா ரொப்பாதீங்க. பாதி ரொப்பி ரெண்டு நடையாப் போயிட்டு வாங்க” என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். “இல்லம்மா, தண்ணி நெறைய இருந்தா ஆடாது. கொறையா இருந்தாத்தான் அலம்பும். கொடத்துல தூக்கிப் பாத்ததில்லயா நீ?” என்றார். நான் விடவில்லை. புத்தகத்தை எடுத்து வந்து, பக்கத்தைப் பிரித்து, விரல் வைத்துக் காட்டினேன். அவர் எட்டாவதோடு நின்றவர். அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

வாய்க்கால் பாலத்துக்கு முந்தைய வளைவில் லாரி கவிழ்ந்தது. மெதுவாகத்தான் போனார். வண்டி வலப்பக்கம் திரும்ப, உள்ளே பாதித் தண்ணீர் மொத்தமும் இடப்பக்கம் ஏறியது. அது திரும்ப வருவதற்குள் சக்கரம் தரையை விட்டுவிட்டது. கரும்புக் கொல்லையில் சாய்ந்த வண்டிக்கு அடியில் அவருடைய கால். அந்தக் காலைத்தான் இன்றைக்கும் இழுத்து இழுத்து நடக்கிறார். ஆஸ்பத்திரியில் லாரி முதலாளி வந்து நின்று, “எப்படிய்யா கவுத்த?” என்று கேட்டபோது நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா என்னைப் பார்க்கக்கூட இல்லை. “கண்ணசந்துட்டேன் மொதலாளி” என்றார். பட்டப்பகல் பதினோரு மணிக்கு! முதலாளி நம்பவில்லை. கல்யாண வீட்டு வேலைக்குப் போனவன், ஏதாவது ஊற்றிக்கொண்டிருப்பான் என்று ஊரில் பேச்சு ஆயிற்று. அவர் அதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஒரு சொட்டுத் தொடாத மனுஷன். அதன் பிறகு யாரும் அவரை நம்பி ஒரு வண்டிச் சாவியைக் கையில் கொடுக்கவில்லை. நாம் பெரம்பலூர் வந்தது அதனால்தான். அவர் மண்டியில் உட்கார்ந்து எடை போடுவதும் அதனால்தான்.

நான் ஏன் பேசவில்லை? முதலில் பயம், பிறகு கூச்சம். அதற்குப் பிறகு, இத்தனை நாள் கழித்து எப்படிச் சொல்வது என்ற தயக்கம். படித்த மருமகள் என்று என்னை மதித்தவர்கள் முன்னால், ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் படிக்காத பெண்ணாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. இதெல்லாம்கூட மன்னிக்கக் கூடியது என்று வைத்துக்கொள். பத்தாம் வகுப்பு முடித்து நீ பைக் ஓட்டப் பழக வேண்டும் என்று கேட்டாயே, அந்த நாளைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் சோறு தின்றுகொண்டே, “இப்ப வேணாம்பா, இன்னும் ரெண்டு வருசம் போவட்டும்” என்றார். நீ நின்றபடியே, “தூங்கிக்கிட்டு வண்டிய கவுத்தவரு நீங்க. நீங்க எனக்குச் சொல்றீங்களா?” என்றாய். அவர் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். நான் அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாக்கியம் போதும். ‘தூங்கவில்லை, நான் சொன்னதைக் கேட்டார்’ என்று ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ அன்றிலிருந்து வண்டி சம்பந்தமாக அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த வேனை வாங்கும்போதுகூட உன் கூட்டாளிகளை அழைத்துப் போனாய். வீட்டில் பத்து வருஷம் லாரி ஓட்டின ஆள் இருக்கிறார் என்பது யாருக்கும் நினைவில்லை. நான்தான் நினைவில்லாமல் செய்தேன்.

இப்போது அந்தச் சாக்பீஸ் குறிகளைச் சொல்கிறேன். அவை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போட்டதில்லை. நீ தொட்டியைக் கட்டின அன்று சாயங்காலம் நீ டவுனுக்குப் போன பிறகு, உன் அப்பா அந்தக் காலோடு மல்லாந்து வேனுக்கு அடியில் போய், தரைக்குக் கீழே இரும்புச் சட்டம் எங்கெங்கே ஓடுகிறது என்று கையால் தடவித் தடவிப் பார்த்தார். வெளியே வந்து, என் தையல் டேப்பைக் கேட்டு வாங்கினார். உள்ளே ஏறி அளந்து, சட்டத்துக்கு நேர் மேலே நாலு குறி போட்டார். முன் சீட்டை ஒட்டி, நாலு சக்கரத்துக்கும் நடுவில் வருகிற இடம். போல்ட் இறங்க வேண்டிய இடம் அது. “நீங்களே அவங்கிட்ட சொல்லுங்களேன்” என்றேன். “நான் சொன்னாக் கேக்க மாட்டான். குறியப் பாத்தாப் புரிஞ்சிக்குவான், படிச்ச புள்ளதானே” என்றார். படித்த பிள்ளை என்ன செய்தது? பிரஷ் போட்டுத் தேய்த்தது. படித்தவர்களை நம்பி அந்த மனுஷன் இரண்டாவது தடவையாக ஏமாந்தார்.

ஆகவே இப்போது சொல்வதைக் கேள். அந்த நெட்டைத் தொட்டியை இறக்கு. பட்டறைக்காரரிடம் போய், அவர் சொன்னது சரி என்று முதலில் சொல். பிறகு தாழ்வாக, நீளவாட்டில் படுத்த மாதிரி முந்நூறு லிட்டருக்கு ஒரு தொட்டி செய்யச் சொல். தண்ணீர் லாரிக்குள் இருக்கிறதுபோல உள்ளே குறுக்காகத் தடுப்புத் தகடு வேண்டும், அடியில் தண்ணீர் போக வழி விட்டு. நீ முழுசாக நிரப்பித்தான் கிளம்புவாய் என்றாலும், வேலை செய்யச் செய்யத் தண்ணீர் குறையும். திரும்பும்போது பாதிதான் இருக்கும். அந்தப் பாதியை அடக்கி வைக்கத்தான் தடுப்பு. அப்படியும் மிச்சமிருந்தால் அங்கேயே ஏதாவது செடிக்குத் திறந்துவிட்டு வெறும் தொட்டியோடு வா. நல்ல தண்ணீர் வீணாகிறதே என்று பார்க்காதே. இரும்பு ஆங்கிளில் கூண்டு அடித்து, கூண்டின் நாலு காலும் தரையைத் துளைத்துக் கீழே சட்டத்தில் போல்ட்டோடு முடுக்கியிருக்க வேண்டும். கீழ்ப்பக்கம் வெறும் வாஷர் போதாது, உள்ளங்கை அகலத்துக்குத் தகடு வை. தகரத் தரையை மட்டும் நம்பினால் போல்ட் தரையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதற்கு மேல் லாரிக்காரர்கள் கட்டுகிற பெல்ட். முந்நூறு லிட்டர் என்றால் முந்நூறு கிலோ, அதோடு தொட்டி, கூண்டு, மோட்டார், வண்டியில் ஏறுகிற இரண்டு பேர். ஆர்.சி. புத்தகத்தில் இந்த வண்டி எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கும். கூட்டிப் பார். கூடினால் தொட்டியைச் சின்னதாக்கு, மனதைக் கல்லாக்காதே. இதில் எதுவும் நான் புத்தகத்தில் படித்தது இல்லை. எல்லாம் உன் அப்பா சொன்னது. நான் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான். இந்த முறை ஒரு பக்கமும் விடாமல் எழுதிக்கொண்டேன்.

மாமன் கோபித்துக்கொள்வானே என்று இழுக்காதே. நேற்றே போனில் பேசிவிட்டேன். அந்தத் தொட்டிக்கு வேலை இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. ஒவ்வொரு நாளும் குடத்தில் பிடித்து வைத்து நான் ஓய்ந்துபோகிறேன். அதை மாடியில் வைத்து, இரவெல்லாம் நிரம்பவிட்டு, காலையில் குழாயை வேனுக்குள் விட்டால் தானாக இறங்கிவிடும். ஒரு ஓட்டையும் போட வேண்டாம், ஏற்கெனவே இருக்கிற துவாரமே போதும். “டேய், ஓஞ் சீர அவன் வண்டியில வச்சு முட்டிக்கிட்டுத் திரியணுமா, இல்ல வூட்டு உச்சியில வச்சுக் கும்புடணுமா, நீயே சொல்லு” என்றேன். “உச்சியிலன்னா ரோட்ல போற வர்றவங்களுக்கும் தெரியுமில்லக்கா? ஒசரமா வைங்க. அதுல எம் பேர எழுதிக்கலாமா?” என்றான். எழுதிக்கொள்ளட்டும். பெயின்ட் டப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம். இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் ஒரு மாதம் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு செங்கல் அடுக்கினோம்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். தமிழரசியைக் கூட்டிக்கொண்டு அரியலூரில் குடித்தனம் வைக்கப் போகிறாய், தண்ணீர் பிடிக்க இங்கே வந்து போவாய். போன புதன்கிழமை நான் உட்கார்ந்த சீட்டில் இனி அவள் உட்காருவாள். செங்கல் பட்ட இடத்தில் சீட்டின் ரெக்சின் கிழிந்திருக்கிறது, தொட்டுப் பார். அவளுடைய கழுத்து அந்த உயரத்துக்குத்தான் வரும், பெண் பார்க்கப் போனபோது பார்த்தேன். அவள் ஏதாவது சொன்னால் இரண்டு சரி சொல்லி வாயடைக்காதே. அவள் சொல்கிறாள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவும் செய்யாதே. நானும் சொன்னேன், அவரும் தலையாட்டினார். அவளால் ஏதாவது தப்பு ஆகிவிட்டால், உன் அப்பா மாதிரி அதை மொத்தமாக விழுங்கிக்கொண்டு பெரிய மனுஷனாக நிற்காதே. எனக்கு நல்லது செய்ததாக அவர் நினைக்கிறார். ‘நீ சொன்னதால்தான்டி ஆச்சு’ என்று ஒரு தடவை கத்தியிருந்தால் நானும் ஒரு தடவை அழுதுவிட்டு, ஊருக்கு முன்னால் உண்மையைச் சொல்லியிருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்து உனக்குப் பொய்யான ஒரு அப்பாவைக் காட்டி வளர்த்துவிட்டோம். அவர் மேலும் எனக்குக் கோபம்தான். உன் மேல், அவர் மேல், என் மேல், அந்தத் தொட்டிமேல். இந்த மாதம் முழுக்க எனக்குக் கோபத்துக்குக் குறைவில்லை.

இதை எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். “பழசக் கிண்டாத, கல்யாண நேரத்துல புள்ள மனசு நோவும்” என்றார். நோகட்டும். இருபத்திரண்டு வருஷம் அவருக்கு நொந்தது.

திங்கட்கிழமை அரியலூரில் உனக்கு அடுத்த வேலை என்று தெரியும். பட்டறைக்காரர் மூன்று நாள் கேட்பார். திங்கட்கிழமை வேலையை வியாழனுக்குத் தள்ளு. கண்ணாடி எங்கேயும் ஓடிப் போகாது. இப்போது மணி நான்கு. உன் பஸ் திரும்பி வருகிற நேரம். உன் அப்பா மண்டியிலிருந்து சீக்கிரம் வந்து, மறுபடி வேனுக்கு அடியில் போயிருக்கிறார். இங்கிருந்து பார்த்தால் செருப்பு இரண்டும் தெரிகின்றன, ஒன்று நேராக, ஒன்று கோணலாக. உள்ளே நாலு குறியும் மறுபடி போட்டாயிற்று. சாக்பீஸ் இல்லை, மத்தியானம் உன் மாமன் வீட்டுக்குப் போய் நானே வாங்கி வந்த சிவப்புப் பெயின்ட்.

சாவி அவர் சட்டைப் பையில் இருக்கிறது. நான்தான் கொடுத்தேன். கையில் வாங்கி, கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் போட்டார். நீ கேட்டால் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார், மறு பேச்சுப் பேச மாட்டார். அதனால் அதைக் கேட்காதே. சட்டையைக் கழற்றிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, வேனுக்கு அடியில் அவர் பக்கத்தில் போய்ப் படு. “எங்கப்பா போல்ட் போடணும்?” என்று கேள். அவர் காட்டுவார்.